தின்றதா, புழுக்கை போட்டதா?
முயல் காப்பகத்தில் தொண்டு செய்ய விரும்பும் செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கைவிடப்பட்ட முயல்களைப் பராமரிக்கும் காப்பகங்களில் எப்படி உதவலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கமிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை காலையில் எனக்கு மூன்று மணி நேரம் ஓய்வு. முயல்கள் என்றால் உயிர். காப்பகத்தில் என்ன வேலை தருவார்கள்? முயல்களோடு விளையாட முடியுமா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

விளையாட்டு கடைசி கால் மணி நேரத்தில்தான். அதற்கு முன் பார்க்கும் வேலை, பிறகு கூட்டும் வேலை. பார்ப்பதுதான் பெரிய வேலை என்பதை முதல் நாளே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முயல் இரையாகப் பிறந்த விலங்கு. நோயைக் காட்டினால் நரிக்கும் கழுகுக்கும் தன்னைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்பதால் வலியை மறைத்தே பழகியது. கத்தாது, முனகாது. அதன் உடம்பு சொல்லும் செய்தியெல்லாம் தீவனத் தட்டிலும் புழுக்கையிலும்தான் இருக்கிறது.

அதனால் துடைப்பத்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு அடைப்பின் முன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள். நேற்று இரவு போட்ட புல் குறைந்திருக்கிறதா? தண்ணீர் இறங்கியிருக்கிறதா? புழுக்கை எப்படி இருக்கிறது? நலமாக உள்ள முயல் ஒரு நாளில் 200 முதல் 300 புழுக்கை போடும். எல்லாம் ஒரே அளவில், பட்டாணி பருமனில், விரலால் நசுக்கினால் உலர்ந்த புல்தூளாக உதிரும். பாசிமணி கோத்ததுபோல முடியில் தொங்கினால், உதிரும் முடியை நக்கி விழுங்கியிருக்கிறது. அன்று சீவிவிட வேண்டும். சிறுத்து, கோணலாக, எண்ணிக்கையும் குறைந்திருந்தால் தீனி குறைந்துவிட்டது என்று பொருள். ஒன்றுமே இல்லை என்றால் மற்ற வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பொறுப்பாளரிடம் ஓடுங்கள். திராட்சைக் கொத்துபோல மெத்தென்று, பளபளப்பாக ஒரு வகை வரும். அது வயிற்றுப்போக்கு அல்ல. முயல் அதைப் பின்பக்கத்திலிருந்தே வாயில் வாங்கி மறுபடி தின்னும். அதில்தான் சத்து இருக்கிறது. அது தின்னப்படாமல் தரையில் கிடந்தால்தான் கவனிக்க வேண்டும். தீனி கொழுப்பாகிவிட்டது, அல்லது உடல் பெருத்தோ முதுகு வலித்தோ குனிய முடியவில்லை.

கூட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குட்டிகள், பிறகு நலமாக உள்ள பெரியவை, கடைசியில் நோயாளிகளும் புதிதாக வந்து 14 நாள் தனி அடைப்பில் இருப்பவையும். திரும்பி வரக் கூடாது. புது முயலைத் தொட்ட கையோடு குட்டியைத் தொட்டால் காதுச் சொறியும் வயிற்றுக் கிருமியும் கூடவே போகும். சிறுநீர் உப்பாகக் கெட்டித்துப் போன தட்டில் வினிகரும் தண்ணீரும் சமபங்கு ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் தேய்க்காமலே உரிந்து வரும். ஃபினாயில் வேண்டாம், அந்த வாடை முயலின் மூச்சுக்கு ஆகாது. குட்டிகளைக் கொல்லும் காக்சிடியா கிருமியின் முட்டைக்குப் பிளீச்சிங் பவுடர் ஒன்றும் செய்யாது. கொதிநீரும் சுள்ளென்ற வெயிலில் முழுக்கக் காய்வதும்தான் அதை அழிக்கும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தட்டுகளை இரண்டு செட்டாக வைத்துக்கொண்டு ஒரு செட் எப்போதும் வெயிலில் கிடக்கட்டும்.

விரிப்புக்கு அடியில் செய்தித்தாள், மேலே உலர்ந்த வைக்கோல். மரப்பட்டறைத் தூள் இலவசமாகக் கிடைக்கிறது என்று சிலர் மூட்டையாகக் கொண்டுவருகிறார்கள். பாலீஷும் வார்னிஷும் கலந்த அந்தப் பொடி நுரையீரலுக்குள் போய்விடும், வேண்டாம்.

வாரம் ஒரு முறை எடை. சமையலறைத் தராசே போதும், மேலே ஒரு கூடை வையுங்கள். 2 கிலோ முயல் ஒரே வாரத்தில் 100 கிராம் இறங்கினால் நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். 200 கிராம் என்றால் அன்றைக்கே மருத்துவர்.

இவ்வளவும் முடிந்த பிறகு, தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். கையை நீட்டாதீர்கள், கூப்பிடாதீர்கள். முயல்தான் வந்து முகர வேண்டும். மூன்றாவது நான்காவது சனிக்கிழமை உங்கள் முழங்காலில் முகவாயைத் தேய்க்கும். அதன் வாசனையை உங்கள்மேல் பூசி, "இது என்னுடையது" என்று சொல்கிறது.

சந்தையில் காதைப் பிடித்துத்தானே தூக்குகிறார்கள். அதில் என்ன தவறு?
– வாசகர், புதுவயல்

காது குளிர்ச்சிக்கான உறுப்பு. முழுக்க இரத்தக்குழாயும் நரம்பும். அதைவிடப் பெரிய ஆபத்து முதுகில். முயலின் எலும்புக்கூடு உடல் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடுதான். பூனைக்கு 12, 13. பின்னங்கால் தசையோ மிக வலுவானது. அந்தரத்தில் தொங்கும்போது ஓங்கி உதைத்தால் தன் உதையிலேயே இடுப்புப் பக்க முதுகெலும்பு முறியும். பிறகு அதற்கு நடையில்லை.

ஒரு கை முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சடியில், இன்னொரு கை பின்தொடைக்குக் கீழே. இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்து உங்கள் வயிற்றோடு அணைத்து, முகத்தை முழங்கை மடிப்பில் நுழைத்துக்கொள்ளுங்கள். கண் மறைந்தால் பதற்றம் குறையும். திமிறினால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், உடனே நீங்கள் குனிந்து தரைக்குப் பக்கமாகப் போங்கள். இறக்கும்போது பின்புறம் முதலில். புதியவர்கள் உட்கார்ந்த நிலையில் மட்டுமே தூக்கிப் பழகட்டும். மல்லாக்கப் போட்டால் ஆடாமல் கிடக்கிறதே, சுகமாகத் தூங்குகிறது என்று காணொளி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது சுகமல்ல, கொல்லும் விலங்கின் பிடியில் செத்ததுபோல் கிடக்கும் பயம்.

தோட்டத்தில் கீரை நிறைய இருக்கிறது. காரட்டும் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். கோயிலில் கழித்த மாலைகளும் கிடைக்கும். எதை அனுப்பலாம்?
– இல்லத்தரசி, கோட்டையூர்

முதலில் மாலை. தயவுசெய்து அனுப்பவே அனுப்பாதீர்கள். அரளிப்பூ சிறிதளவு உள்ளே போனாலே இதயம் நின்றுவிடலாம். ரோஜாவிலும் செவ்வந்தியிலும் பூச்சிமருந்து இருக்கும். கட்டிய நார் குடலில் சிக்கும்.

காரட் என்பது முயலுக்கு நாம் தரும் மிட்டாய். பெருவிரல் அகலத் துண்டு, வாரம் இரண்டு முறை, போதும். முயலின் பல் வாழ்நாள் முழுதும் வளரும். முன்பல் மட்டும் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர். நாரான புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அது தேயும். குடல் நகர்வதற்கும் அந்த நார்தான் வேண்டும். எனவே தீனியில் 80 விழுக்காட்டுக்கு மேல் புல்லாகவே இருக்கட்டும், இரவும் பகலும் தீராமல். வளர்ந்த முயலுக்குக் கடைத் தீவனக் குச்சி உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் கிலோவுக்கு ஏறத்தாழ 100 மில்லி குடிக்கும், கோடையில் கூடும். குழாய் பாட்டிலைவிடக் கவிழாத மண்சட்டியில் நன்றாகக் குடிக்கிறது.

உங்கள் கையால் அனுப்பக்கூடியதில் மிகப் பெரியது அருகம்புல். கண்மாய்க்கரை, ஊருணிக்கரைப் புல் என்றால் நாயும் மாடும் நடக்காத பக்கமாக அறுத்து, அலசி, நிழலில் பரப்பிவிடுங்கள். ஈரப்புல்லைச் சாக்கில் அமுக்கிக் கட்டினால் இரண்டு மணி நேரத்தில் உள்ளே சூடேறிப் புளிக்கும், அந்தப் புல் வயிற்றை ஊதவைக்கும். மாடு வளர்ப்பவர்கள் கோ-4 தீவனப்புல் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். இளஞ்சோளப் பயிர் மட்டும் வேண்டாம், அதுவும் மழையில்லாமல் வாடியது. சயனைடு நஞ்சு அதில் ஏறியிருக்கும். மாட்டுக்கே ஆகாதென்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மரவள்ளி இலையும் அப்படியே.

கொத்தமல்லி, புதினா, கல்யாண முருங்கை இலை, மல்பெரி இலை, கிணற்றுப்பாசான் செடி எல்லாம் தாராளமாகத் தரலாம், ஒரு முயலுக்கு ஒரு கைப்பிடி. முருங்கைக்கீரை, அகத்தி, குதிரைமசால் இவற்றில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நல்லது. வளர்ந்த முயலுக்கு நாளும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் மணல் சேரும். முட்டைக்கோஸ் கழிவு வேண்டாம். வெங்காயம், உருளைக்கிழங்கு இலை, தக்காளி இலை, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி எல்லாம் விலக்கு. சோறு, முறுக்கு, சீப்புச்சீடை, பிஸ்கட் எதுவும் கூடாது. மாவுப்பொருள் குடலில் புளித்துக் கெட்ட கிருமியை வளர்க்கும்.

எதையும் திடீரென மாற்றக் கூடாது. புதுத் தீனியைப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 7 முதல் 10 நாளில் கூட்டுங்கள். இன்னொன்று, சாயம் போடாத பனையோலைக் கொட்டான் (கூடை) பழசாகிவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். அதில் புல்லைத் திணித்து வைத்தால் கொட்டானையும் சேர்த்துக் கடித்து விளையாடும். சாயக் கொட்டான் வேண்டாம்.

எங்கள் வளவு வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கிறது. இரண்டாம் கட்டை (இரண்டாவது முற்றப் பகுதியை) முயல்களுக்குக் கொடுக்க நினைக்கிறேன். சரிவருமா?
– 68 வயது ஆச்சி, கானாடுகாத்தான்

நல்ல மனசு ஆச்சி. வீட்டின் கட்டுமானம் உங்களுக்குப் பாதித் துணை. தடித்த சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை, முற்றத்து வழியாக வரும் காற்று, இவை முயலுக்குக் கோடையில் கிடைக்காத வரம். ஆனால் சாவியைக் கொடுப்பதற்கு முன் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது வீட்டைப் பற்றியதல்ல, பங்காளிகளைப் பற்றியது. எத்தனை புள்ளிக்கு (மணமான குடும்பத்துக்கு) வீட்டில் பங்கு உண்டோ அத்தனை பேரின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும். முன்னோருக்குப் படைப்போ கல்யாணமோ வந்து வீடு நிறையும்போது அந்த நாட்களில் முயல்கள் எங்கே போகும் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். இதை விட்டுவிட்டால், கடைசி நேரத்தில் பெட்டியில் அடைத்து இடம் தேடி அலைவது முயல்கள்தான்.

தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் அழகுதான், குளிர்ச்சிதான். ஆனால் முயலின் பாதத்தில் நாய்க்குள்ளது போன்ற மெத்தை கிடையாது, வெறும் முடி. வழுவழுப்பில் கால் அகன்று சறுக்கும். வளரும் குட்டிக்கு இடுப்பு விலகும். எனவே நடமாடும் இடம் முழுக்கத் துவைத்த சணல் சாக்கு விரித்து, ஒரு மூலையில் மட்டும் வெறுங்கல்லை விட்டுவையுங்கள், வெயில் நேரத்தில் அங்கே வயிற்றை வைத்துப் படுக்கும். நூல் பிரிந்த ஜமக்காளம் வேண்டாம், நூலை விழுங்கிவிடும். கம்பிவலைத் தரை எந்தக் காரணத்துக்கும் கூடாது. குதிகாலில் புண் வந்து எலும்புவரை போகும்.

தேக்குத் தூணையும் கதவையும் கண்டிப்பாகக் கடிக்கும். மரம் போவது உங்களுக்கு நஷ்டம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், அது முயலுக்கு நஞ்சு. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்குத் தகரமோ பலகையோ கொண்டு மறைத்துவிடுங்கள். மின்கம்பி எதுவும் தரையோடு ஓடக் கூடாது. முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி இருந்தாலும் அதில் அரை அங்குல வலை கட்டுங்கள், குரங்கும் காக்கையும் வராது. சாக்கடைத் துளைக்கும் அதே வலை, பாம்புக்கும் கீரிக்கும் எலிக்கும். பூட்டிய வீட்டுப் பரணில் மரநாய் குடியிருக்கும், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வலையைச் சுவரோடு சேர்க்கும் இடத்தில் ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தால் மரநாயும் நுழையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்துச் சாரல் எதுவரை அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு அப்பால்தான் அடைப்பு.

இரண்டு முயலுக்குக் குறைந்தது பத்தடிக்கு ஆறரை அடி. இருபதுக்கு இருபது அடி இடத்தில் ஐந்தாறு சோடிக்கு மேல் வேண்டாம். காவல்காரர் ஒருவர் காலையும் மாலையும் வந்து போனால் போதாது. இரவு அங்கேயே தங்க வேண்டும். வீடு தருகிறேன், ஆள் இல்லை என்றால், இரண்டே இரண்டு முயலை நீங்கள் இருக்கும் வீட்டில் தற்காலிகமாக வளர்த்துக் கொடுங்கள், அந்த உதவி இன்னும் பெரிது.

பத்து முயல் வாங்கினால் மாதம் வருமானம் என்று நம்பிப் பண்ணை போட்டேன். குட்டிகள் பாதி செத்தன, வாங்க ஆளில்லை. இப்போது 40 இருக்கிறது. காப்பகத்தில் இடமில்லை என்கிறார்கள். பேசாமல் கண்மாய்க் காட்டில் விட்டுவிடலாமா?
– விவசாயி, தேவகோட்டை அருகே

விட்டுவிடாதீர்கள். பண்ணை முயல் ஐரோப்பிய இனம், நம் காட்டில் அதற்கு வளையுமில்லை, வழியும் தெரியாது. வெள்ளைத்தோல் இருட்டிலும் தெரியும். இரண்டு மூன்று நாளில் நாயோ கீரியோ வெயிலோ முடித்துவிடும். பட்டினியும் தாகமும் வரும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

உங்கள் உழைப்பில் குறையில்லை. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை வளர்த்து ஆய்வு செய்யும் மத்திய அரசின் மையம் இருப்பது கொடைக்கானல் மலையில், மன்னவனூரில். அந்தக் குளிரில் நடப்பது சிவகங்கைச் சீமையின் சித்திரை வெயிலில் அப்படியே நடக்காது. 30 பாகை செல்சியஸ் தாண்டினாலே ஆண் முயலின் விந்து வலுவிழக்கும், தாய் தீனி குறைக்கும், பால் வற்றும். குட்டிகள் செத்தது அதனாலும் இருக்கும், ஈரத்தரையில் வரும் காக்சிடியாவாலும் இருக்கும்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆணையும் பெண்ணையும் பிரிப்பது. நாளைக்கு என்று தள்ளினால் 40 நூறாகும். கணக்குப் பாருங்கள். கர்ப்பம் 30 முதல் 32 நாள். ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். பத்துப் பெண், ஆளுக்கு ஆறு குட்டி என்றால் ஒரே மாதத்தில் 60.

பிரிக்கும் முறை: ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள, மற்றவர் பிறப்புறுப்பின் இருபுறமும் விரலால் மெல்ல அழுத்துங்கள். ஆண் என்றால் சிறு குழாய்போல எழும்பி நுனியில் வட்டத் துளை தெரியும். பெண் என்றால் ஆசனவாய்ப் பக்கம் இறங்கும் நீளப் பிளவு. வளர்ந்த ஆணுக்கு இரண்டு பக்கமும் முடியில்லாத விதைப்பை தெரியும். பயத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளவும் செய்யும், அதனால் ஒரே பார்வையில் முடிவு கட்டாதீர்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியில் யாருக்கும் தவறும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி பாருங்கள். பத்து வாரம் ஆன ஆண்குட்டி தாயோடு இருக்கக் கூடாது.

பிரித்த தேதியை எழுதிவையுங்கள். அடுத்த 32 நாளுக்கு எல்லாப் பெண்ணும் சினை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு அலைந்தாலோ நெஞ்சு முடியைப் பிய்த்தாலோ ஓரிரு நாளில் ஈனும். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலப் பெட்டியில் வைக்கோல் போட்டுக் கொடுங்கள். தாய் ஒரு நாளில் ஒரு முறையோ இரு முறையோ, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். கூட்டில் உட்காரவில்லை என்று குட்டியை எடுத்துவிடாதீர்கள். காலையில் வயிறு உருண்டு சூடாக இருந்தால் குடித்திருக்கிறது. வயிறு சுருங்கித் தோல் மடிந்து கிடந்தால் மட்டும் காப்பகத்துக்குச் சொல்லுங்கள்.

பிறகு ஆண்களுக்கு அறுவை. பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது, செலவு குறைவு. அறுவைக்குப் பின்னும் 4 முதல் 6 வாரம் வரை சினை பிடிக்கவைக்கும் ஆற்றல் மிச்சமிருக்கும், அதுவரை பிரித்தே வையுங்கள். முயல் வாந்தி எடுக்காது. எனவே அறுவைக்கு முன் நாயைப்போல் பட்டினி போடக் கூடாது, புல் தட்டு கடைசிவரை இருக்கட்டும். இது தெரிந்த மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். காரைக்குடிப் பக்கம் கிடைக்காவிட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியைக் கேளுங்கள்.

காப்பகத்திடம் 40-ஐயும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் யாராலும் முடியாது. இடமில்லை என்று சொல்லும் காப்பகம் நேர்மையான காப்பகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், பாலினம், எடை, காதில் சொறி உண்டா இல்லையா என்று பட்டியல் எழுதி, நான்கைந்தாக எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். மீதிக்கு அதுவரை உங்கள் கொட்டகையே இடம், தொண்டர்கள் வாரம் ஒரு நாள் வந்து உதவட்டும். இப்படிக் கேட்டால் கதவு திறக்கும்.

கருவேலங்காட்டு ஓரம் புல்லுக்குள் ஒரு முயல்குட்டி தனியாகக் கிடந்தது. எடுத்து வந்துவிட்டேன். பால் கொடுக்கலாமா?
– இளைஞர், கல்லல்

உடம்பில் முடியும் திறந்த கண்ணும் இருந்தால் அது பெரும்பாலும் காட்டு முயல். எடுத்த இடத்திலேயே, அதே புல்லில், இன்று மாலைக்குள் வைத்துவிடுங்கள். காட்டு முயல் வளை தோண்டாது. குட்டி பிறக்கும்போதே முடியோடு, கண் திறந்து பிறக்கும். தாய் பகலில் பக்கத்தில் வராது, வந்தால் நரிக்கு வழி காட்டிவிடும். இருட்டிய பிறகு வந்து சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போகும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது உண்மையல்ல. வைத்துவிட்டு நிற்காமல் நகர்ந்துவிடுங்கள்.

காயமிருந்தாலோ நாய், பூனை வாயில் பட்டிருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை வீட்டிலோ காப்பகத்திலோ வளர்க்க முடியாது. கண் மூடி, முடியில்லாமல் சிவப்பாக இருந்தால் வீட்டு முயலின் குட்டி. அப்போது காப்பகத்தைக் கூப்பிடுங்கள். மாட்டுப்பால் இரண்டுக்கும் ஆகாது.

மே மாதம் எப்படிச் சமாளிப்பது? சென்ற கோடையில் இரண்டு செத்துவிட்டன.
– தற்காலிகமாக வளர்த்துத் தருபவர், பள்ளத்தூர்

தகரக் கொட்டகையாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். முடியாவிட்டால் தகரத்தின் மேல் ஓரடிக்கு இடைவெளி விட்டுக் கீற்று வேயுங்கள். இடைவெளி இல்லாமல் ஒட்டி வேய்ந்தால் சூடு இறங்கும்.

முயலுக்கு வியர்க்காது. அதனால் வெறும் மின்விசிறி சூடான காற்றைத்தான் அடிக்கும். காது ஈரமாக இருந்தால்தான் பயன். பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் சாதாரணத் தண்ணீரில் விரலை நனைத்துக் காதின் வெளிப்புறம் தடவுங்கள். உள்ளே இறங்கக் கூடாது. வாயகன்ற பழைய மண்பானையைப் படுக்கவைத்து வெளிப்பக்கம் ஈரச் சாக்கு சுற்றினால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். உறைந்த ஒரு லிட்டர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். தீனியை அதிகாலைக்கும் அந்திக்கும் மாற்றுங்கள். மருத்துவரிடம் போவதென்றால் காலை 6 மணிக்கே, மூன்று பக்கம் காற்றுப்புகும் கூடையில்.

முயலின் இயல்பான வெப்பம் 38.5 முதல் 40 பாகை. மூக்குத் துவாரம் படபடத்து, மூக்கைச் சுற்றி நனைந்து, காது சிவந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டால் வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய்க் காதையும் பாதத்தையும் நனைத்து, ஈரத்துணிமேல் கிடத்தி, இப்போது விசிறியைப் போடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். தோலின் இரத்தக்குழாய் சுருங்கி உள்சூடு வெளியேறாமல் போகும், அதிர்ச்சியிலேயே உயிர் பிரியும். வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். தானாக நக்கினால் நக்கட்டும். தேறியதுபோல் தெரிந்தாலும் மருத்துவரிடம் போங்கள், குடலும் சிறுநீரகமும் அடுத்த நாள் கெடும்.

ராத்திரி எட்டு மணி. காலையிலிருந்து தின்னவில்லை, புழுக்கையும் இல்லை. டாக்டர் இல்லை. வீட்டில் என்ன மருந்து கொடுக்கலாம்?
– வாசகி, குன்றக்குடி

மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசரம், விடியட்டும் என்று விடக் கூடாது. பல் வலி, பயம், வெப்பம், நார் குறைந்த தீனி, ஏதோ ஒன்றால் குடல் நின்றுவிட்டது. உள்ளே இருப்பது புளித்து வாயு ஏறி, அந்த வலியால் இன்னும் தின்னாமல் போகும்.

வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மத்தளம்போல் இறுகியிருந்தால் ஒன்றும் ஊட்டாமல் உடனே கிளம்புங்கள், மதுரையோ திருச்சியோ எங்கே திறந்திருக்கிறதோ அங்கே. மெத்தென்று இருந்தால் காதைத் தொடுங்கள். சில்லென்றிருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைவாக வையுங்கள். கொத்தமல்லி, புதினாவை மூக்கருகே நீட்டுங்கள். மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு அவர் சரியென்றால், தீவனக் குச்சியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் கன்னத்தின் பக்கவாட்டில், ஒரு மில்லி வீதம், விழுங்கிய பிறகே அடுத்தது. கால்நடை அவசர ஊர்தி எண் 1962. கடைசியாகப் போட்ட புழுக்கையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போங்கள். சோடி முயல் இருந்தால் அதையும் கூடவே.

மனிதருக்கு எழுதிய அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் எதையும் வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. குடலின் நல்ல கிருமியை அழித்து நஞ்சு சுரக்கும் கிருமியை வளர்த்துவிடும், சில நாளில் கழிந்து சாகும். நாய்க்கு உண்ணி போக்கக் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டுமருந்தும் முயலைக் கொல்லும். மருந்துக்கடையில் "முயலுக்கு" என்று சொன்னாலும் கடைக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

சிறுநீர் சிவப்பாக இருக்கிறது. இரத்தமா?
– வாசகர், செட்டிநாடு

பெரும்பாலும் இல்லை. தின்ற இலையின் நிறமியால் மஞ்சளிலிருந்து செங்கல் நிறம்வரை போகும். ஓரிரு நாளில் மாறவில்லை என்றாலோ, முக்கினாலோ, அறுவை செய்யாத மூன்று நான்கு வயதுப் பெண் முயலாக இருந்தாலோ உடனே காட்டுங்கள். வயதான பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்று மிகுதி.

லீவுக்கு ஆயா வீட்டுக்கு வந்திருக்கிறேன். எனக்கு 13 வயது. சேர்த்துக்கொள்வார்களா?
– மாணவன், ஆத்தங்குடி

பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ, தம்பி. தூக்குகிற வேலை வேண்டாம். எடை நோட்டு எழுதுவது, புல் அலசுவது, அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டி ஒளியிடம் செய்வது உனக்குச் சரியாக வரும். பெட்டிக்கு இரண்டு வாசல் வை. ஒரே வாசல் என்றால் சண்டையில் ஒன்று மாட்டிக்கொள்ளும். ஒட்டுநாடாவையும் பின்னையும் உரித்துவிடு. டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள். புல் தூசியில் இளைப்பு வருமென்றால் முகக்கவசம் கட்டு. கையில் வட்டமாகப் படர்தாமரை வந்தால் மறைக்காமல் சொல், முயலிடமிருந்து ஒட்டியிருக்கும்.

இரண்டு முயலை ஒன்றாக விட்டால் கடித்துக் குதறுகின்றன. தனியாக இருந்தால் வாடுகின்றன.
– தொண்டர், காரைக்குடி

இரண்டுக்கும் அறுவை முடிந்து ஆறு வாரம் ஆன பிறகுதான் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் வலைக்கு இருபுறமும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, படுக்கைச் சாக்கை மாற்றி மாற்றிப் போடுங்கள். பிறகு இரண்டுமே போகாத புது இடத்தில் பத்து நிமிடம். ஏறுவது, விரட்டுவது பரவாயில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு ஒன்றையொன்று வட்டமடித்தால் இடையில் அட்டையை நுழையுங்கள். கையை நுழைத்தால் தையல் போட வேண்டிவரும். ஒன்றையொன்று நக்கி, ஒட்டிப் படுத்து, ஒரே தட்டில் தின்றால் சேர்ந்துவிட்டன. பல வாரம் ஆகலாம்.

தீபாவளிக்கும், கல்யாண வீட்டு வெடிக்கும் என்ன செய்வது?
– வாசகி, கண்டனூர்

வெடி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளறைக்கு மாற்றுங்கள். தெருப்பக்கச் சன்னலைச் சாத்திச் சாக்குத் தொங்கவிட்டு, அடைப்பின் மூன்று பக்கம் தடித்த போர்வை, ஒரு பக்கம் காற்றுக்கு. சோடியைப் பிரிக்காதீர்கள். பானையோ பெட்டியோ உள்ளே இருக்கட்டும். வானொலியை மெல்லிய ஒலியில் மாலையிலிருந்தே வைத்துவிடுங்கள், சத்தம் திடீரென்று விழாது. பயந்து ஓடும் முயலைத் தூக்க முயலாதீர்கள். முதுகு முறிவது பெரும்பாலும் அப்போதுதான். இரவு புல்லைத் தட்டு நிறையப் போட்டு, அளவை நோட்டில் எழுதிவிட்டுப் படுங்கள். காலையில் எழுந்ததும் முதலில் தட்டையும் புழுக்கையையும் பாருங்கள். எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.